பாட்டைப் பற்றி எழுதப் போகிறீர்களா? மொய் நோட்டைக் கேளுங்கள்

"அக்கா, நானும் பழைய பாட்டைப் பத்தி எழுதணும். எப்படி ஆரம்பிக்க?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பதினெட்டு வருஷமாக இசை பற்றி எழுதுகிறேன். எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. காலையில் ஒரு அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பேன். அரிசி பருப்புக்கு அதுதான். கட்டுரைகளில் வருவது பஸ்ஸுக்கும் பழைய இசைத்தட்டுக்கும் சரியாகிவிடும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

இளையராஜாவில் ஆரம்பிக்காதீர்கள். அவரைப் பற்றி எழுத ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. டவுன் பஸ் போகிற தூரத்துக்குள் யார் வாசித்தார்கள், யார் பாடினார்கள் என்று பாருங்கள். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. நாடக மேடையைக் கட்டி ஆண்ட எஸ்.ஜி.கிட்டப்பா செங்கோட்டைக்காரர். வில்லுப்பாட்டை வானொலிக்கும் சென்னைக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் சத்திரபுதுக்குளத்தில் பிறந்தவர். எனக்கு வாய்த்தது நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1921-இல் பிறந்து 1964-இல் போய்விட்டார். 43 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, அதற்குள் அவ்வளவு புகழ்.

காருகுறிச்சி, சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு வயதான அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சை எடுத்ததுமே, "யாரு, காருகுறிச்சியாரா? எங்க அக்கா கல்யாணத்துல சிங்காரவேலனே வாசிச்சாருல்லா! நான் பந்தல் காலப் பிடிச்சிக்கிட்டு நின்னு கேட்டேன். 58-லன்னு நெனைக்கேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. நானும் உருகிப்போய் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அச்சில் வந்த வாரமே ஒரு வாசகர் கடிதம்: காருகுறிச்சியார் நாதஸ்வரம் வாசித்த அந்தப் பாட்டு வந்த 'கொஞ்சும் சலங்கை' படம் வெளியானது 1962-இல் அல்லவா?

வெட்கமாகப் போய்விட்டது. திரும்பவும் பஸ் ஏறினேன். இந்தத் தடவை ஞாபகத்தைக் கேட்கவில்லை, நோட்டைக் கேட்டேன். அண்ணாச்சியின் மருமகள் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினாள். பாச்சை உருண்டை வாசம். உள்ளே ஓரத்தில் மஞ்சள் காய்ந்துபோன கல்யாணப் பத்திரிகை, 1962 ஆவணி. அதற்குக் கீழே மொய் நோட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கல்யாணச் செலவுக் கணக்கு, காப்பிங் பென்சிலில்: பந்தல், வாழைமரம், மேளம், அதற்கு அடுத்த வரியில் 'ரேடியோ செட் ரூ. 15'. இப்போது நாம் மைக் செட் என்பதை அப்போது இங்கே ரேடியோ செட் என்பார்கள். மேளத்துக்கு எழுதியிருந்த தொகையைப் பார்த்தாலே தெரிந்தது, அது உள்ளூர் மேளம். காருகுறிச்சியார் அந்தத் தொகைக்கு வந்திருக்கவே முடியாது. பையன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டது கூம்புக் குழாயில் வந்த இசைத்தட்டை.

எனக்கு அன்றைக்குத்தான் இந்த வேலை என்னவென்று பிடிபட்டது. பெரியவர் பொய் சொல்லவில்லை. பதினைந்து ரூபாய்க்கு ஒரு வித்வானைத் தெருவுக்கே கொண்டுவந்து இறக்கிய குழாயைப் பற்றித்தான் நான் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவதாக எழுதிய கட்டுரை அதுதான். முதல் கட்டுரையைவிட நன்றாக வந்தது.

ஆகவே யாரிடமும் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் அதிலேயே நிற்பார்கள். சீனாச் சண்டைக்கு முன்னாடியா பின்னாடியா, தனுஷ்கோடி அழிந்த பிறகா, எம்ஜிஆர் இறந்தபோது இந்த மைக் செட்டு உங்களிடம் இருந்ததா, தாமிரபரணியில் வந்த 92 வெள்ளத்தில் போனதா என்று கேளுங்கள். 1962, 1964 டிசம்பர், 1987 டிசம்பர், 1992 நவம்பர் என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம். ஆற்றங்கரைக்காரர்கள் எல்லாவற்றையும் 92-ஐ வைத்துத்தான் கணக்குப் பண்ணுவார்கள்.

பொருள் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய அரக்கு இசைத்தட்டில் இரண்டு எண் இருக்கும். லேபிளில் அச்சடித்தது விற்பனை எண். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே அரக்கிலேயே பொறித்திருப்பது ஒலிப்பதிவு எண். அதைச் சாய்வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடியவர் வாழ்க்கையும் ஒரு எல்லை போட்டுத் தரும். கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் இறந்தார். அவர் பெயர் போட்ட தட்டு பிற்பாடு அச்சானதாக இருக்கலாம், குரல் அதற்கு முந்தியது.

ஒரு எச்சரிக்கை. இசைத்தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். நான் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வர வர, ஆகா, எழுபது வருஷத்து அழுக்கு என்று சந்தோஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுக்கில்லை, தட்டேதான் கரைந்து வந்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மெல்லிய துணியும் பொறுமையும் போதும். பிற்பாடு வந்த எல்.பி. தட்டுக்கான ஊசியையும் அதில் வைக்காதீர்கள், 78-இன் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி உண்டு. தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டில் விரிசல் விழும்.

கோவில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு பதிவு செய்யப் போனால் முதலில் பாட்டை நடத்துகிற புலவரிடமும், வரி கொடுத்துக் கொடை நடத்துகிற கோவில் வரிதாரரிடமும் கேட்டுவிடுங்கள். குடம் அடிப்பவர் பக்கம் உட்கார்ந்தால் குடம் மட்டும்தான் பதிவாகும், எதிர்ப்பக்கம் போங்கள். சாமி வந்து ஆடுகிற நேரத்தில் ரெக்கார்டரை நிறுத்துவது என் வழக்கம்.

பணம். ஒப்புக்கொள்வதற்கு முன்பே எவ்வளவு, எப்போது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கூச்சப்பட்டு நான் இழந்தது கொஞ்சமில்லை. ஒரு பத்திரிகை ஆறு கட்டுரை போட்டு இரண்டு வருஷம் இழுத்தடித்தது. ஒரு அலைச்சலை மூன்று விதமாக எழுதுங்கள்: பத்திரிகைக்குக் கட்டுரை, வானொலிக்குப் பேச்சு, வீடியோ எடுக்கிற பிள்ளைகளுக்கு எழுத்து. ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு விற்காதீர்கள். பழைய பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷம் முடிந்து 60 வருஷம் உரிமை. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் இறந்த வருஷம் முடிந்து 60 வருஷம். தட்டு விடுபட்டாலும் பாட்டு விடுபட்டிருக்காது.

அச்சில் வந்ததும் ஒரு பிரதியைப் பேசியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் வேண்டாம், நேரில். அண்ணாச்சியிடம் அந்த இரண்டாவது கட்டுரையைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கியம்மா. ஆனா அவரு வாசிச்சாரு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. காப்பி கொண்டுவந்த மருமகள்தான், தொழுவத்துப் பரணில் இன்னொரு பெட்டி கிடக்கிறது, சாவியைத்தான் காணோம் என்றாள்.