ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டிப் பாருங்கள்

பழைய விண்டோஸ் லேப்டாப் வாங்கினாலோ, ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினாலோ, பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலேயே ஷிஃப்ட் விசையை வேகமாக ஐந்து முறை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் (விசைகளைச் சேர்த்துப் பிடிக்காமல் ஒவ்வொன்றாக அழுத்த உதவும் வசதி) வேண்டுமா என்று கேட்டால் சரி. அதற்குப் பதிலாகக் கட்டளைகளை டைப் செய்யும் கறுப்பு விண்டோ (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்தால், பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே நுழைய யாரோ பின்கதவு வைத்திருக்கிறார்கள். திரையின் கீழ் மூலையில் இருக்கும் அணுகல்தன்மை ஐகானையும் ஒருமுறை கிளிக் செய்து பார்த்துவிடுங்கள், அங்கேயும் இதே வித்தையைச் செய்து வைத்திருக்கலாம்.

ஸ்டிக்கி கீஸ் நிரலை விண்டோஸ் லாகின் செய்வதற்கு முன்பே, சிஸ்டம் என்ற உச்ச அதிகாரத்தோடு ஓட்டுகிறது. பென்டிரைவில் பூட் செய்து அந்த ஃபைலின் இடத்தில் கமாண்ட் ப்ராம்ப்டை வைத்துவிட்டால் போதும், பாஸ்வேர்ட் தெரியாமலே புது அட்மின் கணக்கு தொடங்கலாம். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்காகக் கடைக்காரர் செய்துவிட்டு அப்படியே விட்டிருக்கவும் கூடும். எப்படியானாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. ஃபைல்களை பேக்அப் எடுத்துக்கொண்டு விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுவதே நல்லது. அப்புறம் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை ஆன் செய்யுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் வெளியிலிருந்து ஃபைலை மாற்ற முடியாது.

இந்த ஐந்து தட்டு ஷார்ட்கட் அணைக்கப்பட்டிருந்தால் எதுவுமே வராது, அது மட்டும் ஆபத்தின் அடையாளமல்ல. மேக், லினக்ஸுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கிராக் சாஃப்ட்வேரோடு வந்து இணையம் வழியாகப் பேசும் பின்கதவுகளும் இதில் சிக்காது. அவற்றுக்கு விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டிப் பாருங்கள்.