பேருந்துப் பணியாளர் பயிற்சி: வட சென்னை டிப்போக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுத்தத்தில் நிற்காமல் போன பேருந்தைப் பற்றிப் புகார் எழுதினால், பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஓட்டுநருக்கு மெமோ போகும், சில நாளில் அவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்கள். பொறுமை, புன்னகை, பயணிகளிடம் கனிவு என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு அவர் திரும்பி வருவார். மறுநாள் அதே வண்டி, அதே டிரிப் நேரம், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அதே எண்ணூர் நெடுஞ்சாலை. ஒரு வாரத்தில் நிறுத்தம் மறுபடியும் தப்பும். அப்புறம் பயிற்சியால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சு வந்துவிடும்.

பயிற்சியால் நிறைய ஆகும். அதை யாருக்கு, எதை வைத்து, எந்த இடத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் நாம் தவறுகிறோம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம், எண்ணூர், பெரம்பூர், அயனாவரம் என்று வட சென்னையில் டிப்போக்கள் நிறைய. தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. மேலாளர்களுக்கு 1967 முதல் புனேயில் மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் இயங்குகிறது. கற்றுக்கொடுக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே கற்பது வேறு, மூலக்கடை சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு வண்டியைத் திருப்புவது வேறு. இரண்டையும் இணைக்கும் வேலை டிப்போவுடையது.

தண்டனையாகப் பயிற்சி

பட்டியலில் ஒருவர் பெயர் வந்ததும் சக ஊழியர்கள் "என்னப்பா, எங்க இடிச்ச?" என்று கேட்கிறார்கள் என்றால், அந்த டிப்போவில் பயிற்சி என்பது தண்டனை என்றே எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது என்று பொருள். விபத்துக்கும் புகாருக்கும் பிறகு மட்டும் அனுப்பினால் அப்படித்தான் ஆகும். வருகிறவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார், சந்தேகம் இருந்தாலும் கேட்க மாட்டார்.

ஒழுங்காக ஓட்டுகிறவர்களையும் அதே வகுப்பில் உட்கார வையுங்கள். பல ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியவரைப் பேச வையுங்கள். மணலி பக்கம் கன்டெய்னர் லாரிக்கு இடப்பக்கம் போனால் எந்த இடத்தில் நம் வண்டி அந்த லாரி ஓட்டுநரின் கண்ணில் படாமல் மறைந்துபோகும், நீளமான டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்பகுதி எவ்வளவு உள்ளே வெட்டிக்கொண்டு வரும், பள்ளி விடும் நேரத்தில் எந்தத் தெருவிலிருந்து சைக்கிள்கள் மொத்தமாகப் பாயும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த அறிவு. பாடப்புத்தகத்தில் அது கிடைக்காது. அவர் ஓய்வு பெற்றால் அவரோடு போய்விடும்.

இன்னொன்று. இரவு டியூட்டி முடித்தவரை நேராக வகுப்புக்கு வரச் சொல்லாதீர்கள். பயிற்சி நாள் முழு டியூட்டியாகக் கணக்கில் வர வேண்டும். வகுப்புக்குப் போனால் வண்டி ஓட்டும் நாளில் கிடைக்கும் படியான பேட்டா போய்விடும் என்றால் யாரும் மனதார வர மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

மேலாளர் வகுப்பில் இல்லை

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது இதுதான். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வகுப்பு உண்டு. டிரிப் நேரத்தைத் தீர்மானிக்கிறவருக்கு, டியூட்டி போடுகிறவருக்கு, டைம் கீப்பருக்கு, கிளை மேலாளருக்கு அநேகமாக ஏதும் இருப்பதில்லை, அல்லது கோப்பு, கொள்முதல், கணக்கு பற்றியதாக இருக்கிறது. ஆனால் ஓட்டுநரின் நடத்தையில் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த நேரக்கணக்குதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். திருவொற்றியூரிலிருந்து ஒரு தடத்துக்கு ஒரு சிங்கிள், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு வழி ஓட்டம், 60 நிமிடம் என்று அட்டவணையில் இருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் நெரிசல் நேரத்தில் 75 நிமிடம் ஆகிறது. ஒரு ஷிப்டில் ஆறு சிங்கிள் என்றால் 90 நிமிடம் துண்டு விழுகிறது. அந்த 90 நிமிடத்தை ஓட்டுநர் எங்கிருந்து எடுப்பார்? டீ குடிக்கும் நேரத்திலிருந்து, சாப்பாட்டிலிருந்து, சிறுநீர் கழிக்கப் போகும் நேரத்திலிருந்து. அதுவும் போதாதபோது நிறுத்தத்தைத் தள்ளி நிறுத்துவார், ஆள் ஏறி முடிப்பதற்குள் வண்டியை எடுப்பார், சிக்னலில் மஞ்சளைப் பார்த்து மிதிப்பார். கடைசி சிங்கிள் ரத்தாகும். அந்த வண்டிக்காகக் காத்திருக்கிறவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போக நிற்கும் பெண்ணாக இருப்பார். இவ்வளவும் அட்டவணையில் தொடங்கியது. கனிவு வகுப்பு இதைத் தீர்க்காது.

டிரிப் நேரத்தை அறிவியலாகக் கணக்கிட வழி இருக்கிறது. வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி இருப்பதால்தான் சென்னை பஸ் செயலியில் நாம் பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்கிறோம். அதே தரவை மணிக்கு மணி, துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்பது தெரிந்துவிடும். பொதுவாகத் திட்டமிடுகிறவர்கள், ஓடிய 100 டிரிப்புகளில் ஏறத்தாழ 85 டிரிப்புகள் முடியக்கூடிய நேரத்தை அளவாக எடுத்துக்கொள்வார்கள். சராசரியை எடுத்தால் பாதி டிரிப்புகள் தாமதமாகத்தானே வரும்? காலைக்கு ஒரு நேரம், மதியத்துக்கு ஒரு நேரம், மாலைக்கு ஒரு நேரம் என்று பிரிக்க வேண்டும். முனையத்தில் நிற்கும் ஓய்வு நேரத்தை டிரிப் நேரத்தோடு கலக்கக் கூடாது. இதைச் செய்யத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு டிப்போவிலும் இருக்க வேண்டும். மேலாளர் பயிற்சியில் முதல் பாடம் இதுவாக இருந்தால் ஓட்டுநர் பயிற்சியின் சுமை பாதி குறையும்.

ஓய்வு பற்றியும் சொல்ல வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்துவைத்தது. இதைத் தொழிற்சங்கக் கோரிக்கையாக மட்டும் பார்க்கும் மேலாளர்கள் உண்டு. களைத்த கண்ணுக்குப் பிரேக் பிடிக்கும் நேரம் கூடிவிடும். இது உயிர் சம்பந்தப்பட்ட பாதுகாப்பு விதி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இதற்கு மலிவான, மிகச் சிறந்த பயிற்சி ஒன்று உண்டு. மேலாளரும் டைம் கீப்பரும் மாதத்தில் ஒரு நாள், மாலை நெரிசலில், தங்கள் டிப்போ தடத்தில் இருமுனையும் போய்வர வேண்டும். ஜீப்பில் போகக் கூடாது, சீருடை அடையாளமும் வேண்டாம், படிக்கட்டு பக்கம் நின்றுகொண்டு போகட்டும். கையில் ஒரு தாள், எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று குறித்தால் போதும்.

ஒரே வண்டி, இரண்டு நிறுவனம்

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வட சென்னைக்குப் பெருமையான நாள். இந்த ஏற்பாட்டில் ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஒப்பந்த நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். டிக்கெட் வருமானம் கழகத்துக்கு. ஆக, ஓடுவதில் ஒருவருக்கு அக்கறை, ஆள் ஏற்றுவதில் இன்னொருவருக்கு அக்கறை. இவர்கள் இருவரையும் தனித்தனி வகுப்பில் பயிற்றுவிப்பது பெரும்பிழை. விசில், பெல் ஒழுங்கு, கதவை யார் எப்போது மூடுவது, வண்டி நிறுத்தத்தில் நிற்காமல் போனால் நடத்துநர் யாரிடம் சொல்வது, தகராறு வந்தால் யார் முதலில் இறங்குவது என்பதையெல்லாம் இருவரும் ஒரே அறையில், ஒரே வண்டியில் பழக வேண்டும்.

டீசல் வண்டியில் பழகியவருக்கு மின்சார வண்டி புதிது. மிதித்த மறு கணமே இழுவை வந்துவிடும், காலை எடுத்தாலே வண்டி தன்னால் வேகம் குறைந்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பும். இது பழகாவிட்டால் நிற்கிற பயணிகள் முன்னும் பின்னும் சாய்வார்கள், வயதானவர்கள் விழுவார்கள். வெடுக்கென்று மிதித்தால் சார்ஜும் சீக்கிரம் இறங்கும், கடைசி டிரிப்புக்குப் போதாமல் போகும். என்ஜின் சத்தம் இல்லாததால் தெருவில் நடக்கிறவர் வண்டி வருவதை உணர மாட்டார். வியாசர்பாடியின் குறுகலான தெருக்களில் இதை விட்டுவிட்டு வேறு எதைச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. பராமரிப்பு ஊழியர்களுக்கோ ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கேபிள்கள் உயிருக்கே ஆபத்தானவை, அனுமதி பெற்றவர் தவிர யாரும் தொடக் கூடாது. சுத்தம் செய்கிறவருக்கும் இதைச் சொல்ல வேண்டும். அவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

தாழ்தள வண்டி இடப்பக்கம் சாய்ந்து கொடுக்கும், நடுக்கதவில் சாய்வுப் பலகை விரியும். பலகையை விரிப்பது நடத்துநர் வேலை. சக்கர நாற்காலியில் இருக்கிறவர் நிறுத்தத்தில் காத்திருக்கும்போது முதன்முறையாக அதைத் திறந்து பார்த்தால் சிக்கிக்கொள்ளும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், பயணி வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். டிப்போவிலேயே கைபழக வேண்டும். நிஜமாகச் சக்கர நாற்காலி பயன்படுத்துகிற ஒருவரை அழைத்து, அவர் சொல்வதைக் கேட்டுப் பழக வேண்டும். ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி வண்டியை அணைக்கக் கற்க வேண்டும். தள்ளி நிறுத்தினால் பலகை நடுத்தெருவில் செங்குத்தாக இறங்கும், அப்போது தாழ்தள வண்டி இருந்தும் பயனில்லை. நிறுத்தத்தில் ஆட்டோ நிற்கிறது, வண்டியை அணைக்க முடியவில்லை என்று ஓட்டுநர் சொன்னால், போக்குவரத்துக் காவலரிடம் பேசி அந்த இடத்தைக் காலி செய்து வாங்குவது மேலாளர் கற்க வேண்டிய பாடம்.

பயணி யார் என்று தெரியாமல்

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு கொடுக்கிறார், அதற்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடு செய்கிறது. இந்த இரண்டாவது செய்தியைப் பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டும். அது தெரியாத நடத்துநருக்குத்தான் கைகாட்டும் பெண்கள் கூட்டம் வருமானமில்லாத கூட்டமாகத் தெரியும்.

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஓட்டுநர், நடத்துநரோடு டைம் கீப்பரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காசிமேடும் ராயபுரமும் இருக்கிற வட சென்னைக்கு இது தூரத்துச் செய்தி கிடையாது. விடிகாலையில் கூடையோடு ஏறுகிற அம்மாக்கள் இந்தத் தடங்களின் மூத்த பயணிகள். அவர்களை எங்கே உட்கார வைப்பது, கூடையை எங்கே வைப்பது, முகம் சுளிக்கும் இன்னொரு பயணிக்கு என்ன பதில் சொல்வது என்று நேரடியாகப் பேசிப் பழக வேண்டும். "எல்லாப் பயணிகளையும் மதிக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் உறைக்காது.

கல்லூரி மாணவர்கள் படிக்கட்டில் தொங்குவது அடுத்தது. நடத்துநர் தனி ஆளாகக் கத்துவதும் பயன் தராது, பார்க்காதது போல் இருப்பதும் ஆபத்து. வண்டியை நிறுத்துவது, எல்லோரும் உள்ளே வரும் வரை எடுக்காமல் இருப்பது, கைகலப்பு என்றால் உடனே காவல் துறைக்குத் தகவல் கொடுப்பது என்று படிப்படியாக ஒரு நடைமுறை வேண்டும். அப்படி நிறுத்தியதால் தாமதமானால், டைம் கீப்பர் அதற்காக மெமோ கொடுக்கக் கூடாது. இது எழுத்தில் இல்லாவிட்டால் எந்த நடத்துநரும் நிறுத்த மாட்டார். பெண்களைச் சீண்டுகிறவர் விஷயத்திலும் இதே நிலைதான். கேமராவும் அவசரப் பொத்தானும் பல வண்டிகளில் இருக்கின்றன, ஆனால் பொத்தான் அழுத்தப்பட்டால் நடத்துநர் அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

மழையும் மெட்ரோவும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழைக்கான பயிற்சி செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்பட்டது என்ற செய்தி வட சென்னைக்குப் பழகிப்போனது. மாற்றுப்பாதை எது, அதில் எந்த நிறுத்தம் உண்டு, எவ்வளவு ஆழத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது, அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு? ஓட்டுநருக்குத்தான் இருக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சீட்டு எடுக்கலாம். பயணி செல்பேசியில் காட்டும் அந்தச் சீட்டின் QR குறியீட்டைப் பார்த்து நடத்துநர் தடுமாறாமல் இருக்கவும், மெட்ரோவுக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லவும் அரை மணி நேரம் கற்றுக்கொடுத்தால் போதும்.

கையெழுத்தோடு முடிந்துவிடக் கூடாது

வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து என்பதை வைத்துப் பயிற்சியை அளக்கிறோம். வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து, பயிற்சி கொடுத்தவரே பயிற்சி பெற்றவரின் தடத்தில் ஒரு டிரிப் உடன் வர வேண்டும். திடீர் பிரேக் குறைந்திருக்கிறதா, நிறுத்தத்தில் வண்டி நடைமேடையை ஒட்டி நிற்கிறதா, சாய்வுப் பலகை எத்தனை முறை விரிந்தது, எந்த நிறுத்தத்திலிருந்து புகார் இன்னும் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துப் பார்க்கலாம். அதே தாளில் மேலாளருக்கும் ஒரு கேள்வி இருக்கட்டும்: இந்தத் தடத்தின் டிரிப் நேரத்தைக் கடைசியாகத் திருத்தியது எப்போது?