செய்திக்கு ஒரு வரி நக்கல்: டீக்கடையிலும் குரூப்பிலும் அடிப்பது எப்படி

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செய்திகளை நக்கலடிக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒகேனக்கல் நீர்வரத்தில் தொடங்குங்கள். அதில் கட்சி கிடையாது, சாதி கிடையாது, யாருக்கும் கோபம் வராது. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் காவிரி நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி, அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை என்று எண் மட்டும் மாறி ஒரே செய்தி தினமும் வரும். அதற்குப் போய் "அடேங்கப்பா" என்று போடாதீர்கள், வீண். "மத்த ஊர்ல அவங்க ஊர்ல மழை பெஞ்சா பள்ளிக்கூடம் லீவு, நமக்கு குடகுல பெஞ்சா பரிசல் லீவு" என்று போட்டுப் பாருங்கள். விஷயமும் சரிதான், குடகில் கொட்டி கர்நாடக அணைகளைத் திறந்தால்தான் இங்கே தடை. ஆக, செய்தியைக் கடைசி வரை படித்திருக்க வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்து அடித்தால் இரண்டாவது பத்தி படித்தவன் வந்து நம்மை ஓட்டிவிடுவான்.

அப்புறம் மொரப்பூர் ரயில். இதற்குக் கற்பனையே தேவையில்லை, வருஷங்களை வரிசையாகச் சொன்னால் போதும். வெள்ளைக்காரன் 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டு, பிறகு ஓசூர் வரை நீட்டினான். 1941-ல் அதை மூடிவிட்டார்கள். புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019 மார்ச்சில். இனி "பணிகள் தீவிரம்" என்று எப்போது செய்தி வந்தாலும், "எங்க தாத்தா 41-ல எடுத்த ரிட்டர்ன் டிக்கெட் பெட்டியில இருக்கு, செல்லுமான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா" என்று சந்தேகம் கேட்கிற முகத்தோடு கேட்க வேண்டும். கேட்டவர் ஒரு நொடி நிஜமாகவே யோசிக்கணும். பின்னாலேயே நாலு சிரிப்புப் பொம்மை போட்டீர்களோ, காரியம் கெட்டது.

அது மத்திய அரசு சமாசாரம் என்பதால், அடுத்த வாரமே மாநில அரசு பக்கமும் ஒன்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் "நீ எந்தக் கட்சி?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கைவசம் ஓசூர் விமான நிலையம் இருக்கிறது. 2,000 ஏக்கரில் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக இன்னொன்று வருவதற்கு ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடும். "முதல் ஃபிளைட்ட சில்க் போர்டுக்கு விடுங்க சார், அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள உயிர் போகுது" என்றால் ஓசூரிலிருந்து பெங்களூரு நெரிசலில் வேலைக்குப் போகிற அத்தனை பேரும் நம்ம பக்கம்.

தக்காளியில் மட்டும் கவனம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ஊரே ஜோக்கடித்தது. அதே தக்காளியைப் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ரோட்டோரம் கொட்டுகிற நாளும் வரும். "நூறு ரூபா வித்தா டிவிக்காரன் வர்றான், மூணு ரூபா வித்தா மாடு வருது" என்ற மாதிரி வரியைத் தக்காளி போட்டவர் சொன்னால்தான் எடுபடும். கிலோ கணக்கில் வாங்கித் தின்கிற நாம் சொன்னால் அடி விழும், விழவும் வேண்டும்.

கிரிக்கெட்டில் நம்ம பக்கத்துக்கு ஒரு தனி வசதி, எல்லா குரூப்பிலும் பாதி சென்னை, பாதி பெங்களூரு. "ஈ சாலா கப் நம்தே" (இந்த வருஷம் கப் நமக்குத்தான்) என்ற பெங்களூரு கோஷத்தை வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் எல்லாம், பெங்களூரு அணியான ஆர்சிபி ஐபிஎல் கப் ஜெயித்த 2025 ஜூன் 3 ராத்திரி ஆன்லைனிலேயே இல்லை. அந்த சீசனில் சென்னை கடைசி இடம் வேறு. ஆர்சிபி ஆட்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டியிருக்கவில்லை, புள்ளிப் பட்டியலை அடிவரை தெரிகிற மாதிரி போட்டாலே முடிந்தது. ஆனால் மறுநாள் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது பெங்களூரு சின்னசாமி மைதானத்து நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். எவ்வளவு நல்ல வரி கைவசம் இருந்தாலும் அன்றைக்கு அதைப் போடக்கூடாது. தொப்பூர் கணவாய் விபத்துச் செய்திக்கும் இதுதான். அங்கே நேராகவே கேள்வி கேளுங்கள், நக்கல் வேண்டாம்.

வேலையிடம்தான் கஷ்டம். எல் அண்ட் டி தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கச் சொன்ன செய்தி 2025 ஜனவரியில் வந்ததும், "கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ல தூங்கிக்கிட்டு வர்ற நேரத்தையும் சேர்த்துக்குவீங்களா சார்?" என்று கேட்க யாருக்குத்தான் நாக்கு துடிக்காது? நண்பர்கள் குரூப்பில் கேளுங்கள். ஹெச்.ஆர். இருக்கிற குரூப்பில் "ஓகே சார்" ஒன்றுதான் ஆயுதம், அதிலும் எத்தனையோ ரகம் உண்டு. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு "நாளைக்கு லைன் ஓடும், எல்லாரும் ஏ ஷிஃப்ட்" என்று செய்தி வந்தால் உடனே "ஓகே சார்" போடுகிறவன் நல்ல பிள்ளை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு, பஸ் ஏறின பிறகு, "ஓகே சார், குட் மார்னிங்" என்று போடுகிறவன் கலைஞன். அவன் மேல் எந்த மெமோவும் கொடுக்க முடியாது.

நண்பர்களுக்கு எழுதினது தவறி ஆபீஸ் குரூப்பில் விழுந்துவிட்டால் அழிக்காதீர்கள். அழித்த தடம் அங்கேயே நிற்கும், என்னவாக இருக்கும் என்று பத்துப் பேர் தனியாக விசாரிப்பார்கள். நேற்றைய புரொடக்‌ஷன் கணக்கு, நாளைய பஸ் நேரம், மெஸ் மெனு என்று அடுத்தடுத்து நாலு போட்டு அதை மேலே தள்ளிவிடுங்கள்.