குளோரின் இருந்தாலும் தண்ணீரை விழுங்க வேண்டாம்

நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் அது. கண் எரிவதும் அதனால்தான். எல்லோரும் இறங்கும் முன் ஒரு நிமிடம் குளித்தாலே இது நன்றாகக் குறையும். அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லையா, இறங்கவே வேண்டாம்.

அப்புறம், வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியான அளவு குளோரின் உள்ள நீரிலும் 7 நாளுக்கு மேல் தாங்கும். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால், எவ்வளவு அடம்பிடித்தாலும் சரி, கூட்டிப்போகாதீர்கள். இந்தக் கிருமிதான் என்று தெரிந்தால், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 2 வாரம் பொறுங்கள்.