பழைய பெர்குசனுக்கு ஒயில் பம்ப் பூட்டி ரைமிங் வைப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் யாருடைய வளவிலாவது சாம்பல் நிறப் பெர்குசன் ஒன்று கறையான் புற்றோடு நின்றால், பழைய இரும்புக்காரனுக்கு முன் நீங்கள் போய்விடுங்கள். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்ட உழவு இயந்திரம் அது. இந்தக் குறிப்பு பெற்றோல், மண்ணெண்ணெய் மாதிரிகளுக்கு மட்டுமே. டீசல் மாதிரியில் தீப்பொறி விடும் பிளக்கே இல்லை.

மண்ணெண்ணெய் மாதிரியைப் பெற்றோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுக் கணக்கில் பார்த்த வன்னியில் அந்தப் பொறுமை யாருக்கு இருந்தது? எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். பெயரிங்கும் பம்பும் தேயும். ஆகவே சம்பை, அதாவது என்ஜினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியை, திறந்ததும் ஒயிலை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது.

பம்பையும் ரைமிங்கையும் (பிளக் சரியான கணத்தில் தீப்பொறி விடும்படி வைப்பது) ஒரே வேலையாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சாய்பல் சக்கரம் ஒன்றுதான் கீழே ஒயில் பம்பையும், மேலே பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரையும் சுழற்றுகிறது. ஒன்றில் கைவைத்தால் மற்றதும் இடம் மாறக்கூடும்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீறி அடையாளம் வையுங்கள். சில்லுகளுக்கு முதிரைக் கட்டை அண்டை கொடுங்கள். ஒயிலை வடித்துவிட்டு சம்பை இறக்குங்கள். அது பாரமானது, தனியே இறக்க வேண்டாம். பிறகு பழைய பம்பைக் கழற்றுங்கள்.

புதிய பம்பென்றாலும் திறந்து, உள்ளே தூசி இல்லை என்று பார்த்துவிட்டு, புது ஒயிலால் நிரப்பித் தண்டைக் கையால் சுற்றுங்கள். வறண்ட பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். பம்புக்குப் போகும் ஒயிலை வடிக்கும் வலையைப் பெற்றோலில் கழுவுங்கள். பம்ப் தன் இருக்கையில் கையாலேயே படிய வேண்டும். படியாவிட்டால் தண்டின் நுனி சேரவில்லை. தண்டைச் சற்றே திருப்பி மறுபடி வையுங்கள். போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாம் என்ற ஆசை வந்தால், எழுந்து போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள்.

புது கஸ்கெற்றுடன் சம்பைப் பூட்டி ஒயில் ஊற்றிய பின் ரைமிங். காற்றாடிப் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர். எல்லாப் பிளக்கையும் கழற்றி, முதலாவதின் துளையில் பெருவிரலை வைத்துக்கொள்ள, இன்னொருவர் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளும்போது அமுக்க ஓட்டம் வந்துவிட்டது. அங்கிருந்து ரைமிங் அடையாளம் வரை கொண்டுபோங்கள். முதலாவதும் நான்காவதும் பிஸ்டன்கள் ஒன்றாகவே மேலே வருவதால் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. நான் ஒருமுறை கண்ணை நம்பி, மண்வெட்டிப்பிடி முறிந்தது போல ஒரு வெடிச்சத்தத்தோடு காபரேற்றர் வழியே நெருப்பு வரப் பார்த்தேன். கொட்டிலில் படுத்திருந்த நாய் அன்று இரவு வரை திரும்பவில்லை.

டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைதான் பொயின்ற். அதன் இடைவெளியை அதற்குரிய அளவுத் தகட்டால் வையுங்கள். பழைய பிரித்தானிய டிஸ்ரிபியூட்டர்களில் அது பெரும்பாலும் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 முதல் 16 பங்கு. அதன்பின் பற்றரியை இணைத்து, தீப்பொறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயர் முனைக்கும் இரும்புடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பைப் பொருத்தி, சாவியைப் போடுங்கள். பொயின்ற் மூடியிருந்தால் பல்ப் அணைந்திருக்கும். டிஸ்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்ப் எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். சாவியை அணைக்க மறந்தால் கொயில் சூடாகும்.

அப்போது ரோட்டர் பார்க்கும் முனைக்கு முதலாம் பிளக்கின் வயர். பிறகு ரோட்டர் சுழலும் திசையிலேயே 3, 4, 2.

உடனே கிளப்பாதீர்கள். பிளக்குகள் வெளியே இருக்கட்டும், சாவியும் அணைந்தே இருக்கட்டும். கைப்பிடியால் சுற்றிக்கொண்டே ஒயில் அமுக்க மானியைப் பாருங்கள். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கிய பிறகுதான் முள் அசைந்தது. அது அசைந்த பின் பிளக்குகளைப் பூட்டி, பெற்றோலைத் திறந்து கிளப்புங்கள். ஓடும்போது முள் சட்டென ஏறாவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள்.