கர்ப்பிணி இருக்கும் வீட்டில் காரீயமும் பாதரசமும் அண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காரீயமும் பாதரசமும் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் இரத்தத்தில் கலந்துவிடும். காட்மியம் என்ற நச்சு உலோகமோ பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலேயே தங்கி, குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய துத்தநாகச் சத்தை மறித்துக்கொள்ளும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு உயர் இரத்த அழுத்தம், பின்னாளில் பிள்ளையின் கற்கும் திறனில் குறைவு ஆகியவற்றுக்குக் காரீயம் காரணமாகலாம். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை.

உடலில் சேரும் காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கருவின் எலும்பு வளர்வதற்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) கரையும்போது, பழைய காரீயமும் உடன் கரைந்து இரத்தத்துக்கு வருகிறது. இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் முழுமையாக நிறுத்தப்பட்டது என்பதால், இன்று முப்பதைத் தாண்டிய பெண்கள் குழந்தைப் பருவத்தில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களே. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல், இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் சாப்பிடுங்கள். இச்சத்துகள் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும்.

அடுத்து அடுக்களையைப் பாருங்கள். ரசத்துக்கென்று நம் வீடுகளில் வைத்திருக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. காரீயம் அதனின் வேறான உலோகம். ஆனால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, புளியின் புளிப்பு அதை எளிதில் கரைத்துவிடும். பாட்டி காலத்துச் சொம்பாக இருந்தாலும் பால்குடி மறக்கும் வரை அதை எடுத்து வைத்துவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வையுங்கள். மின்னும் மஞ்சள் நிறத்துக்காக மஞ்சளில் காரீயக் குரோமேட்டு கலக்கும் வழக்கமும் உண்டு. கிழங்கின் மேற்பூச்சாகவும் அது வருவதால், கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள விரலி மஞ்சளைத் தவிர்த்து, மங்கலானதை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

மசக்கையில் மண், சாம்பல், பலப்பம் ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிறது. அவற்றில் காரீயம் இருக்கலாம் என்பதால், வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். தயாரித்தவர் முகவரி இல்லாத கண்மை, செந்தூரம், சிவப்பழகு கிரீம் ஆகியவற்றை உடனே நிறுத்துங்கள். முதல் இரண்டில் காரீயமும், கிரீமில் பாதரசமும் இருக்கக்கூடும். நெற்றியில் இடும் செந்தூரம் வேறு, செந்தூரம் என்ற சித்த மருந்து வேறு. பாதரசம் சேர்ந்த அம்மருந்துகளைப் பற்றி, பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கர்ப்பத்தைத் தெரிவித்துக் கேளுங்கள்.

மீனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பால் நன்றாகச் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்தில் அன்பின் அடையாளம். ஆயினும் பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறாவின் சதையில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு வகைப் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது. மெத்தில் பாதரசம் சேர்ந்த மீனைத் தின்றதால் 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோயில், பெரிய பாதிப்பு வெளியே தெரியாத தாய்மார்களுக்கும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. அதற்காக மீனையே விட்டுவிட வேண்டாம். இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மதுரைக்கு வரும் நெத்திலியும் மத்தியும் சிறிய மீன்கள், பாதரசம் குறைந்தவை, கருவின் மூளைக்கு வேண்டிய கொழுப்புச் சத்து நிறைந்தவை. பெரிய வஞ்சிரம் எப்போதாவது போதும்.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள் என்று வீட்டைப் புதுப்பிப்பவர்கள், பழைய கதவு, சன்னல்களின் பெயிண்டைச் சுரண்டும் வேலையை அவள் வருவதற்கு முன்பே முடித்து, தரையை ஈரத்துணியால் பலமுறை துடைத்துவிட வேண்டும். பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் ஐயத்தோடு பார்ப்பதே சரி. கணவர் பழைய பேட்டரி உருக்கும் இடத்திலோ, காட்மியம் கலந்த கேடிஎம் பற்று வைக்கும் நகைப் பட்டறையிலோ வேலை செய்தால், அங்கேயே குளித்து உடை மாற்றிவிட்டு வீடு திரும்பட்டும். அந்த உடைகளைக் கர்ப்பிணி துவைக்கவே கூடாது.

இவற்றில் ஒன்றேனும் உங்கள் வீட்டில் நெடுநாள் இருந்திருந்தால், இரத்தக் காரீயப் பரிசோதனை வேண்டுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி அகற்றுவதே முதல் வேலை. முடிவு எதுவானாலும், மருத்துவர் சொல்லாமல் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.