லாவோஸ் ரயில் படத்தை எப்படிப் பார்ப்பது?
சீன அரசின் சிஜிடிஎன் போன்ற சேனல், சீனாவையும் லாவோஸையும் இணைக்கும் ரயிலைப் பற்றி எடுத்த ஆவணப்படம் கிடைத்தால், நான் முதலில் கடைசி டைட்டிலுக்கு ஓட்டிவிடுவேன். கூட்டுத் தயாரிப்பில் உள்ளூர் டிவி பெயரும் இருக்கிறதா? இருந்தால், லாவோஸ் தலைநகர் வியன்டியானின் வீடுகளுக்குள் அது சொந்த ஊர்ப் படமாகவே நுழையும்.

அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் கற்றுக்கொடுக்கிறார், யார் தலையாட்டுகிறார்? பொய் தேட வேண்டாம். 2021 டிசம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது நிஜம், மலைச் சுரங்கங்களும் பிரமாதம்தான். விட்டுப்போனதைத் தேடுங்கள்: ரயில் நிறுவனத்தில் 70 சதவீதம் சீனத் தரப்புக்கு. லாவோஸ் தன் 30 சதவீதத்துக்குப் போட்ட பணத்திலும் பெரும்பகுதி சீனக் கடன். நிலம் கொடுத்த விவசாயி எத்தனை நொடி பேசுகிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.